பழக்கமும் இசைவாக்கமும்

மலையகத் தோட்டங்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வந்துபோகும் சொல் ஒன்று உண்டு. ‘அவர்களுக்கு அது பழகிப்போயிற்று’ என்பதே அது. நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பிரதேசத்தில், இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், மார்கழிப் பனியிற் கூடையோடு பெரட்டுக்களம் நோக்கிச் செல்லும் பெண்ணைக் காண்போர் இதனைக் கூறுவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவாற் பெயர்பெற்ற லயக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் ஒருங்கே உறங்குவதைக் கேள்வியுறுவோரும் இதனையே கூறுவர். கூறுபவர் யாவரும் கொடியவரல்லர். இரக்கமுடையோர் பலரும் தம் மனத்தை ஆற்றிக்கொள்ள இச்சொல்லை நாடுகின்றனர். ‘எங்களுக்குப் பழகிப்போச்சுங்க’ என்று தோட்டத்து மக்களே சொல்லவும் கேட்கலாம்.

ஆயினும் இதனை வெறும் ஆறுதல் மொழியென்று விட்டுவிடுதற்கில்லை. இதனுள் உயிரியல் சார்ந்த ஒரு கூற்று மறைந்து கிடக்கின்றது. நெடுங்காலம் நெருக்கத்தினுள் வாழ்ந்த ஒரு கூட்டம் அந்நெருக்கத்துக்கு ஏற்ற உடலையும் இயல்பையும் பெற்றுவிட்டது. ஆகவே பிறருக்குத் துன்பமாவது அக்கூட்டத்துக்குத் துன்பமாகாது என்பதே அக்கூற்று. இது மெய்தானா என்று வினவுதல் தகும். ஒரு கூட்டம் நெருக்கத்துக்கு இசைவாகுமா, ஆகுமெனின் எத்தனை தலைமுறையில் ஆகும், எதனை இழந்து ஆகும், ஆகிவிட்டது என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாக்களை உயிரியலாளர் பலகாலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் உதவிய உயிர், கனிந்த வாழைத்தாரின்மேல் வட்டமிடும் சிற்றிலையானாகிய பழ ஈ.

இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமும் செந்நிறக் கண்களும் உடைய இவ்வீயைத் துரோசோபிலா மெலனோகாஸ்டர் என அறிவியலாளர் அழைப்பர். தோமஸ் ஹண்ட் மோர்கன் என்பார் 1910 ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வெண்கண் உடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டு ஆராய்ந்த நாள்முதல் பிறப்புரிமையியலுக்கு இது இன்றியமையாத உயிராயிற்று. அவ்வழியில் நிகழ்ந்த ஆராய்ச்சிக்காக மோர்கன் 1933 இல் நோபல் பரிசு பெற்றார். 25 பாகை வெப்பநிலையில் முட்டையிலிருந்து குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நிறையுடலியாக வெளிவர இதற்குப் பத்து நாள்களே போதும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். ஒரு கண்ணாடிக் குப்பியும் சிறிது உணவும் இருந்தால் ஒரு குடும்பத்தின் வழிமுறையையே கண்முன் வளர்க்கலாம். மனித வரலாற்றில் நூற்றாண்டுகளாக விரிவது குப்பியினுள் ஒரு பருவத்தில் முடிந்துவிடுகின்றது.

இங்கு மூன்று கருத்துகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, ஓர் உயிர் தன் வாழ்நாளினுள்ளேயே சூழலுக்கு ஓரளவு பழகிக்கொள்ளுதல். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர் முதல் மாதம் நடுங்கி, அடுத்த ஆண்டில் மேற்சட்டையின்றி உலாவுவது இவ்வகை. இரண்டாவது, வளரும் பருவத்திற் கிடைத்த உணவு, வெப்பம், இடம் ஆகியவற்றால் உடல் ஒருவிதமாக அமைந்துவிடுதல். குளிர்ந்த சூழலில் வளர்ந்த பழ ஈ பெருத்தும் கருத்தும் காணப்படும். அதே தாயின் முட்டையை வெப்பத்தில் வளர்த்தால் சிறுத்தும் வெளுத்தும் காணப்படும். இவ்வேறுபாடு வாழ்நாள் முழுவதும் நிலைப்பினும் பரம்பரையலகுகளில் எம்மாற்றமும் நிகழ்வதில்லை. மூன்றாவதே கூர்ப்பு எனவும் பரிணாமம் எனவும் வழங்கும் மாற்றம். ஒரு கூட்டத்தினுள் வெவ்வேறு பரம்பரையலகுகளைத் தாங்கியோர் இருப்பர். அவருட் சிலர் மிகுதியான சந்ததியை விட்டுச் செல்வர், சிலர் சந்ததியின்றி மாள்வர். தலைமுறை கழியக் கழியக் கூட்டத்தின் இயல்பே மாறும். உயிரியலார் இசைவாக்கம் என்று கண்டிப்பாகக் கூறுவது இம்மூன்றாவதன் விளைவையே.

இம்மூன்றாவதற்கு வேண்டிய முதல், வேறுபாடு. இதனைத் தேயிலையிலேயே காணலாம். பழைய தோட்டங்களில் விதையிலிருந்து வளர்ந்த செடிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. இலையின் அளவிலும் துளிர்க்கும் காலத்திலும் நோயைத் தாங்கும் வலிமையிலும் வேறுபடும். பின்வந்த வீ.பீ. தேயிலையோ தாய்ச்செடி ஒன்றிலிருந்து வெட்டிய, ஓர் இலையோடு கூடிய துண்டுகளை நட்டு உண்டாக்கப்படுவது. ஏக்கர்க்கணக்கில் விரிந்திருப்பினும் அந்நிலத்தில் நிற்பது மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட ஒரே செடியே. அத்தகைய நிலத்திலே தேர்வு தொழிற்பட இடமில்லை. புதிய நோய் வந்தால் மனிதனே வேறு செடியைக் கொண்டுவந்து நடவேண்டும். இரண்டாவது வேண்டுவது, அவ்வேறுபாட்டைச் சல்லடையிட்டு அரிக்கும் சாவும் பிறப்பும். ‘இசைவாகிவிட்டது’ என்னும் மென்மையான சொல்லின் பின்னால் எப்போதும் இசைவாகாதவற்றின் சாவு, அல்லது சந்ததியின்மை, நிற்கின்றது.

தார்வின் தமது நூலை வெளியிட்ட 1859 இல், இயற்கைத் தேர்வு மிக மெதுவாக நிகழ்வதென்றும் மனிதக் கண்ணாற் காண்பதற்கு அரியதென்றும் கருதினார். பின்வந்தோர் அதனை ஆய்கூடத்தில் நிகழ்த்திக் காண முற்பட்டனர். இதுவே பரிசோதனைக் கூர்ப்பு எனப்படுவது. இதன் முறை எளிது. ஒரு மூதாதைக் கூட்டத்தைப் பல கூட்டங்களாகப் பிரிக்கவேண்டும். சிலவற்றைப் பழைய நிலையிலேயே வைத்துச் சிலவற்றைப் புதிய நெருக்கடிக்கு உட்படுத்தவேண்டும். தலைமுறைகள் கழிந்தபின் இருவகையையும் ஒப்பிடவேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு கூட்டம் போதாது. சிறு கூட்டங்களிலே தற்செயலாகவும் மாற்றம் நிகழுமாதலால், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வளர்ந்த நான்கைந்து கூட்டங்கள் ஒரே திசையிற் சென்றால்தான் அது தேர்வின் வேலை எனக் கொள்ளப்படும். மைக்கேல் ரோஸ் என்பார் 1980 அளவிற் பெயர்பெற்ற பரிசோதனையைத் தொடங்கினார். முதுமையில் இடப்பட்ட முட்டைகளை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு எடுத்து வளர்த்தபோது ஈக்களின் வாழ்நாளே நீண்டது. மூப்பும் தேர்வின் கைக்கு எட்டும் என்பது புலனாயிற்று.

நெருக்கம் பற்றிய ஆராய்ச்சி இதற்கு இணையாக வளர்ந்தது. லோரன்ஸ் மியூலர், பிரான்சிஸ்கோ அயாலா இருவரும் 1981 இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கத்தில் வளர்ந்துவந்த கூட்டங்கள் நெருக்கத்திற் சிறந்தும், இடவசதியோடு வளர்ந்துவந்த கூட்டங்கள் இடவசதியிற் சிறந்தும் விளங்கியதைக் காட்டினர். ஒன்றிற் பெற்ற திறன் மற்றொன்றில் இழப்பாயிற்று. நெருக்கத்துக்கு இசைவான குடம்பிகள் விரைந்து உண்ணக் கற்றிருந்தன. ஆனால் உண்டதை உடலாக்கும் திறனிற் பின்தங்கியிருந்தன. நெரிசலில் முந்தித் தின்பது உயிரைக் காக்கும். நிதானமாகத் தின்பது உடலை வளர்க்கும். இரண்டையும் ஒருங்கே பெறுதல் அக்கூட்டங்களுக்கு இயலவில்லை.

இவ்வாராய்ச்சி மியூலரிடம் பயின்ற அமிதாப் ஜோஷி வழியாக இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரின் ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் 1990 களின் பிற்பகுதியிலிருந்து அவரும் அவர் மாணவரும் பழ ஈக் கூட்டங்களை நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக வளர்த்து வந்துள்ளனர். அப்பணிக்காக அவர் 2009 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றார். அங்கு வளர்க்கப்பட்ட கூட்டங்கள் பலவற்றின் மூதாதையர் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் 1970 களிற் பிடிக்கப்பட்டு, கலிபோர்னியாவில் வளர்க்கப்பட்டு, அங்கிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்டவை. வந்த இடத்தில் அவற்றுக்கு அளிக்கப்பட்ட உணவு வாழைப்பழமும் வெல்லமும் கலந்த கூழ். நம் நாட்டு அடுக்களையில் உள்ள பொருள்களே உலகறிந்த ஆராய்ச்சியொன்றின் ஊடகமாயின என்பது அறிந்து மகிழத்தக்கது.

அவற்றுள் ஒரு பரிசோதனை இங்கு விரித்துக் கூறத்தக்கது. இயல்பான கூட்டங்களில், குப்பி ஒன்றுக்கு 6 மில்லிலீற்றர் உணவும் அதில் ஏறத்தாழ 70 முட்டைகளும் இடப்பட்டன. நெருக்கக் கூட்டங்களில் ஒன்றரை மில்லிலீற்றர் உணவில் ஏறத்தாழ 600 முட்டைகள் இடப்பட்டன. முதலாவதில் ஒரு மில்லிலீற்றருக்குப் பன்னிரண்டு உயிர், இரண்டாவதில் நானூறு. தலைமுறை ஒன்றுக்கு 21 நாள். நெருக்கக் குப்பியினுள் நிகழ்வதைக் கற்பனை செய்தல் அரிதன்று. முதலிற் பொரித்தவை நல்லுணவை உண்ணும். நாள் செல்லச் செல்ல உணவு குறையும். நூற்றுக்கணக்கான குடம்பிகளின் கழிவிலிருந்து அமோனியா பெருகும். பிந்திப் பொரித்தவை உணவையும் நஞ்சையும் ஒன்றாக விழுங்கும். பல குடம்பிப் பருவத்திலேயே மடியும். தப்பி வெளிவருவனவற்றுட் சில, வழக்கமான எடையிற் பாதியைக்கூட எட்டாத சிற்றுடலோடு வரும்.

பல பத்துத் தலைமுறைகள் கழிந்தபின் நான்கு நெருக்கக் கூட்டங்களும் நெருக்கத்தைத் தாங்குவதில் இயல்பான கூட்டங்களை விஞ்சின. 2016 இல் வெளியான முடிவுகளில் வியப்புக்குரிய செய்தி ஒன்றும் இருந்தது. கலிபோர்னியாவிற் கண்டதுபோல் இக்குடம்பிகள் விரைந்து உண்ணவில்லை. அவற்றின் உண்ணும் வேகம் மாறவேயில்லை. அதற்குப் பதிலாக, நிறையுடலியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச உணவுக் காலத்தையே அவை சுருக்கிக்கொண்டன. நெருக்கம் என்று பெயரளவில் ஒன்றாகக் கூறப்படுவது, உணவின் ஆழம், முட்டையின் தொகை, கழிவு சேரும் வேகம் ஆகியவற்றால் வெவ்வேறு நெருக்கங்களாகும். ஒவ்வொன்றுக்கும் உயிர் வெவ்வேறு வழி காணும். ஆகவே ‘நெருக்கத்துக்குப் பழகிய இனம்’ என ஒரே முத்திரை குத்துதல் ஈயின் விடயத்திலேயே பொருந்தாது.

அதே ஆய்கூடத்தில் விரைந்து வளர்தலுக்காகவும் ஈக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் முதலில் வெளிவந்தவற்றை மட்டுமே பெற்றோராக்கினர். வளர்ச்சிக்காலம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு ஈக்கள் கொடுத்த விலையும் தெளிவாகக் கணக்கிடப்பட்டது. உடல் சிறுத்தது, முட்டையின் தொகை குறைந்தது, நிறையுடலியாகும் முன்னரே மடிவோர் தொகை பெருகியது. இறுதியில் மூதாதைக் கூட்டத்தோடு கூடி இனம்பெருக்கும் ஆற்றலிலும் தடை தோன்றியது என 2012 இல் அறிவிக்கப்பட்டது. இயற்கை எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. ஒரு கூட்டம் ஒரு கொடுமைக்கு இசைவாயிற்று என்று காட்டப்பட்டாலும், அதனால் அக்கொடுமை கொடுமையாகாது போய்விடாது. அதற்குக் கொடுத்த விலை வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும்.

இனி, இவ்வாராய்ச்சியின் உள்ளத்தில் அமைந்த ஒரு விதியை நோக்கவேண்டும். பொதுவாக வாசிப்போர் கண்ணிற் படாது போகும் விதி அது. நெருக்கக் குப்பியிலிருந்து வந்த சிறிய ஈயையும் இயல்பான குப்பியிலிருந்து வந்த பெரிய ஈயையும் எடுத்து நேரே ஒப்பிட்டு, ‘இது சிற்றினம், அது பேரினம்’ என்று எந்த ஆய்வாளரும் கூறமாட்டார். அவ்வாறு எழுதினால் அக்கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்காது. முதலில் இருவகைக் கூட்டங்களையும் ஒரு முழுத் தலைமுறை ஒரே நிலையில் வளர்க்கவேண்டும்; ஒரே உணவு, ஒரே அளவு முட்டை, ஒரே வெப்பம். அப்பொதுக் குப்பியிற் பிறந்து வளர்ந்தவற்றின் முட்டைகளை எடுத்தே ஒப்பீடு தொடங்கும். அப்போதும் எஞ்சும் வேறுபாடு எதுவோ அதுவே பரம்பரை வேறுபாடு. மற்றவை குப்பியின் வேறுபாடுகள்.

ஒரு தலைமுறை ஏன் வேண்டும் என்பதும் அறியத்தக்கது. நெருக்கத்தில் வளர்ந்த தாய் ஈ இடும் முட்டையிலே தாயின் பட்டினி ஓரளவு பதிந்திருக்கும். அம்முட்டையை வசதியான குப்பியில் இட்டாலும், அதிலிருந்து வரும் ஈ தாயின் குறையைச் சிறிது சுமந்தே வரும். இது பரம்பரையலகின் குறையன்று. தாய் வளர்ந்த குப்பியின் நிழல். அந்நிழல் நீங்கியபின்னரே அளவிடவேண்டும் என்பதற்காகவே அத்தலைமுறை கழிய விடப்படுகின்றது.

இதனை வலப்பனைப் பிரதேசத்துப் பாடசாலை ஒன்றின் உயர்தர வகுப்பு மாணவரே செய்து காணலாம். கனிந்த வாழைப்பழம், வெல்லம், சிறிது மதுவம், வாயைத் துணியாற் கட்டிய சில குப்பிகள் ஆகியவையே தேவை. ஒரு குப்பியிற் சில இணைகளைச் சிறிது நேரமும் மற்றொன்றில் மிகப்பல இணைகளை நெடுநேரமும் முட்டையிட விட்டுப் பின்னர் அகற்றவேண்டும். இராகலைக் குளிரிற் பத்து நாளிற் காரியம் முடியாது. 18 பாகையில் ஏறத்தாழ இருமடங்கு நாள் செல்லும். நெருக்கக் குப்பியிலிருந்து சிறிய ஈக்கள் வெளிவரும். அச்சிறிய ஈக்களைப் புதிய குப்பிக்கு மாற்றி, முட்டைகளைக் குறைத்து, உணவை நிறைத்து வளர்த்தால், அவற்றின் வழிவந்தவை மீண்டும் பெரிய ஈக்களாகவே வரும். பாட்டனும் பாட்டியும் சிறுத்திருந்தமைக்குக் காரணம் அவற்றின் பிறப்பன்று என்பதைப் பேரப்பிள்ளைகள் நிறுவிவிடும்.

இவ்விதியைக் கையிற் கொண்டு மீண்டும் மலையை நோக்கலாம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பாய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். இவ்விரு எண்களையும் அருகருகே கண்டு, ‘அவர்கள் இயல்பாகவே குள்ளமானவர்கள்’ என்று கூறுவோர் உண்டு. ஈ ஆய்வாளருக்கு மறுக்கப்படும் உரிமையை இவர்கள் தாமே எடுத்துக்கொள்கின்றனர். பொதுக் குப்பியில் ஒரு தலைமுறை வளர்க்காமல் இரு கூட்டங்களை ஒப்பிடும் குற்றமே இது. வலப்பனையிற் பள்ளத்தாக்கின் நெல்வயற் படிகளும் மலைமேற் தேயிலையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மழை ஒன்று, காற்று ஒன்று. ஆயினும் ஒரே மலையில் வாழ்வதனால் மட்டும் ஒரே குப்பியில் வளர்ந்ததாகாது. நிலம் உடையவன் வீட்டுத் தோட்டத்தில் வாழையும் பலாவும் நிற்கும். லயத்தின் இஸ்தோப்புக்கு அப்பால் நிற்பது கம்பனியின் தேயிலை.

அக்குப்பியின் சுவர்கள் இயற்கையால் எழுந்தவையல்ல. 1820 களிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்களின் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. இவையெல்லாம் நெருக்கத்தின் அளவையும் உணவின் அளவையும் தீர்மானித்த மனிதக் கைகளின் செயல்கள். குப்பியில் எத்தனை முட்டை, எத்துணை உணவு என்று ஆய்வாளர் எழுதிவைப்பதுபோல, இவையும் எழுத்தில் உள்ளன.

காலக் கணக்கும் அப்பழஞ்சொல்லுக்குத் துணை வரவில்லை. மனிதத் தலைமுறை ஒன்றுக்கு இருபத்தைந்து ஆண்டு எனக் கொண்டால் கோப்பிக் காலந்தொட்டு இன்றுவரை கழிந்தவை எட்டுத் தலைமுறைகளே. 21 நாளுக்கு ஒன்றாக வளர்க்கப்படும் ஈக்கு எட்டுத் தலைமுறை என்பது அரையாண்டிலும் குறைவு. குப்பி ஒன்றுக்குள் எண்பது வீதம், தொண்ணூறு வீதம் மடிந்தாலும் பெங்களூர் ஈக்களின் இயல்பிலே தெளிவான மாற்றம் காணப் பல பத்துத் தலைமுறை வேண்டியிருந்தது. மனிதரிடையே கூர்ப்பு நிகழ்வதில்லை என்று இதற்குப் பொருளில்லை. பாலைக் கறந்து உண்ட மந்தை மேய்ப்போரிடையே வளர்ந்தபின்னும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் இயல்பு பரவியதும், திபெத்திய உயர்நிலத்தாரிடையே மெலிந்த காற்றுக்கு ஏற்ற பரம்பரையலகுகள் பெருகியதும் நன்கு நிறுவப்பட்டவை. அவற்றுக்குச் சென்ற காலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இருநூறாண்டு லயவாழ்வை அவற்றோடு சேர்த்து எண்ணுதல் கணக்கறியாதார் செயல்.

விரைந்த கூர்ப்பைக் காணவேண்டுவோர் இலங்கையின் நுளம்பைக் காணலாம். 1940 களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் மலேரியா வேகமாகக் குறைந்து, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. பின்னர் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபோது 1960 களின் இறுதியில் நோய் மீண்டும் பெருவாரியாகப் பரவிற்று. மீண்டும் மருந்தை எடுத்தபோது அதனைத் தாங்கும் நுளம்பு எதிரே நின்றது. 1970 களின் நடுப்பகுதியில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. ஆண்டுக்குப் பல தலைமுறை காணும் உயிர், தெளித்த வீடெல்லாம் சல்லடை, தப்பியவற்றுக்கு மட்டுமே சந்ததி என்பன சேர்ந்தபோதே அவ்விசைவாக்கம் வந்தது. இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் 2016 இற் சான்று வழங்குவதற்கு, அந்நுளம்பின் கூர்ப்பைப் பின்தொடர்ந்து நெடுங்காலம் உழைக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பலாம். ஈயைக் கொண்டு மனிதரைப் பேசுதல் தகுமோ என்பதே அது. நியாயமான தடைதான். மனித இனத்தைக் கால்நடைபோலத் தேர்ந்து வளர்க்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எண்ணியோர் இழைத்த கொடுமைகளை உலகம் மறவாது. ஆனால் ஈயிடமிருந்து இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது மனிதர் எத்தகையோர் என்னும் முடிவன்று. ஒரு கூட்டத்தைப் பற்றி முடிவு கூறுமுன் என்ன செய்திருக்க வேண்டும் என்னும் ஒழுங்குமுறையே எடுத்துக்கொள்ளப்படுவது. ஓர் ஈக்கு அளிக்கும் நீதியை ஒரு குழந்தைக்கு அளிக்க மறுப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

மேலும், அவ்வொழுங்குமுறையிலிருந்து நடைமுறைக்குரிய ஓர் எச்சரிக்கையும் பெறலாம். தோட்டப் பாடசாலையில் உணவு கொடுத்தோம், பிள்ளைக் காம்பராவிற் சத்துமா கொடுத்தோம், சில ஆண்டில் உயரம் கூடவில்லையே, ஆகவே இது அவர்கள் பிறவியியல்பு என்று முடிவுகட்டுவோர் இருக்கலாம். தாயின் பட்டினி முட்டையிற் பதிந்திருக்கும் என்பதை அவர் மறந்தவராவர். குறைந்த எடையோடு பிறந்து, குறைந்த உணவில் வளர்ந்து, மலைச்சரிவிற் கொழுந்தெடுத்து, இரத்தச்சோகையோடு பிள்ளை பெறும் தாய்க்கு, பிள்ளை பிறந்தபின் கொடுக்கும் உணவு மட்டும் போதாது. அவள் சிறுமியாக இருந்தபோதே நிறைந்த உணவும் உலர்ந்த வீடும் தூய நீரும் கிடைத்திருக்க வேண்டும். அதன் முழுப்பயன் அவள் பிள்ளையிடத்தன்றி, ஒருகாற் பேரப்பிள்ளையிடத்தே காணப்படலாம். ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில் அளவுகோலை எடுத்துச் செல்வோர், ஈ ஆய்வாளர் ஒரு தலைமுறை காத்திருப்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

‘பழகிப்போயிற்று’ என்று தோட்டத்துத் தாயொருத்தி கூறும்போது அச்சொல்லுக்குப் பொருள் வேறு. துன்பம் நீங்கவில்லை, அதனைச் சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்டேன் என்பதே அவள் கூறுவது. அது மன உறுதியின் மொழி. முதல்வகைப் பழக்கத்துள் அடங்குவது. அதே சொல்லை மலைக்குக் கீழிருந்து ஒருவர் கூறும்போது அது மூன்றாம் வகைக்குத் தாவி, அவள் உடலே அவ்வாறு படைக்கப்பட்டது எனப் பொருள்பட்டுவிடுகின்றது. ஒரு சொல் வாய் மாறும்போது இவ்வாறு பொருள் மாறுவதைக் கவனிப்பது, தமிழையும் அறிவியலையும் ஒருங்கே பயிலும் பல்கலைக்கழகத்தார் கடன்.

குப்பியினுள் இருக்கும் ஈக்குத் தன் குப்பியை மாற்றும் வழி இல்லை. அதற்குள்ள வழி மடிதலும், மடியாதவை பெருகுதலும் மட்டுமே. மனிதருக்கோ வீட்டை அகலமாக்கவும், நிலத்தைப் பகிரவும், கூலியை உயர்த்தவும், பாடசாலையை அருகில் அமைக்கவும் இயலும். மலையக மக்களின் இயல்பு யாது என்னும் வினாவுக்கு விடை கூற விரும்புவோர் முதலில் அம்மக்களைப் பிறரோடு ஒத்த நிலையில் ஒரு முழுத் தலைமுறை வாழ விடவேண்டும். அப்பொதுத் தலைமுறை இன்னும் வளர்க்கப்படவில்லை. அதுவரை, ஆய்கூடத்தின் ஒழுங்கை மதிப்போர் எவரும் ‘அவர்களுக்குப் பழகிப்போயிற்று’ என்று எழுதவும் பேசவும் உரிமையுடையவராகார்.